ஸ்காபரோ பின்வளவில் பன்னிரண்டு மாதமும் மரக்கறி கிடைக்குமா?

களுதாவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா கனடாவில், ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வீடு வாங்கியிருக்கிறார். வருகிற ஒக்டோபர் முதல் வாரம் அம்மா அங்கே போய் ஆறு மாதம் நிற்கப் போகிறார். நாற்பது வருடம் கொச்சிக்காயும் வெண்காயமும் கத்தரியும் செய்த அம்மா சும்மா இருக்க மாட்டார் என்று, அக்கா 6 அடிக்கு 8 அடி பிளாஸ்டிக் கூடாரம் ஒன்றும் மின்சார ஹீற்றர் ஒன்றும் வாங்கி வைக்க யோசிக்கிறார். குளிர் நாட்டிலும் வருடம் முழுக்க மரக்கறி வளர்க்கலாம் என்று வீடியோக்களில் சொல்வது உண்மையா, ஹீற்றர் வாங்கலாமா, அம்மா போனதும் எதை நடலாம் என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் ஹீற்றரை வாங்க வேண்டாம் என்று அக்காவுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

நான் மட்டக்களப்பில் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலோடும், கிழக்கே கடலோரம் எழுவான்கரை மணலில் தோட்டத்தோடும் காலம் போனது. பிறகு மகள் வீட்டில், அதே ஸ்காபரோவில், இரண்டு பனிக்காலம் இருந்தேன். உங்கள் அம்மா போகப்போகும் அதே நிலைமையில்தான் நானும் போய் இறங்கினேன். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்லப் போகிறேன்.

குளிர் நாட்டில் வருடம் முழுக்க அறுவடை செய்யலாம். வருடம் முழுக்க வளர்க்க முடியாது. இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் ஆட்கள் காசைக் கொட்டுகிறார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் நீங்கள் பறிக்கிற இலை ஒக்டோபருக்குள் வளர்ந்து முடிந்த இலை. அது நவம்பரிலிருந்து வளராமல், சாகாமல், அப்படியே நிற்கும். நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதை நிற்க வைப்பதுதான். வயலில் காயை விட்டுவைத்துத் தேவைக்குப் பறிப்பது போல.

ஏன் வளராது? குளிரால் என்று எல்லோரும் சொல்வார்கள். நுவரெலியாவை நினைத்துப் பாருங்கள். 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. தை, மாசியில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். ஆனாலும் நம் சந்தைக்கு வருகிற கறட்டும் லீக்ஸும் கோவாவும் பன்னிரண்டு மாதமும் அங்கிருந்துதான் வருகின்றன. குளிர் மட்டும் காரணமாக இருந்தால் நுவரெலியாத் தோட்டமும் சில மாதம் படுத்துவிட வேண்டும். அது படுக்காததற்குக் காரணம், நுவரெலியாவும் மட்டக்களப்பைப் போல ஏழு பாகைக்குப் பக்கத்து அகலக்கோட்டில் இருப்பதுதான். மார்கழியிலும் அங்கே பகல் 11 மணி 40 நிமிடம் அளவில் இருக்கும். ரொறன்ரோ 43 பாகைக்கு மேல். அங்கே டிசம்பர் 21ஆம் திகதி பகல் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தக் குறுகிய பகலிலும் சூரியன் தெற்கே தாழ்ந்துதான் போகும். நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து 23 பாகை உயரம்தான் ஏறும். நம் ஊரில் அதே நாளில் 59 பாகை.

பகல் 10 மணித்தியாலத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான இலைக்கறிகளின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். இது அமெரிக்காவின் வடகிழக்கில் மேய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்ற விவசாயி பல வருடம் பனிக்காலத் தோட்டம் செய்து பரவலாக்கிய கணக்கு. அவருடைய தோட்டம் 44 பாகையில், கிட்டத்தட்ட ரொறன்ரோவின் நேரில் இருக்கிறது. அதனால் அவர் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தும். ரொறன்ரோவில் நவம்பர் 8, 9 அளவில் பகல் அந்த அளவுக்குக் கீழே இறங்கி, பெப்ரவரி தொடக்கத்தில் மறுபடி மேலே வரும். கிட்டத்தட்ட மூன்று மாதம். உங்கள் உறவினர் லண்டனில் இருந்தால் இன்னும் கடினம்: அங்கே ஒக்டோபர் கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதி வரை.

இதை நம் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுகம். கார்த்திகை, மார்கழி மாரியில் எழுவான்கரையில் யாராவது கொச்சிக்காய் நாற்றை வெளியில் நடுவார்களா? மழை கொட்டத் தொடங்குவதற்கு முன் எது நிலைகொண்டுவிட்டதோ அது நிற்கும். மழைக்குள் நட்டது அழுகும். மழை விட்ட பிறகு தையில் மறுபடி தொடங்குவோம். அங்கே தண்ணீருக்குப் பதில் இருட்டு, அவ்வளவுதான். திகதியைப் பின்னோக்கி எண்ணி விதைப்பது உங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது என்று மட்டும் சொன்னால் போதும். நவம்பர் 8.

ஹீற்றர் கதைக்கு வருகிறேன். 6 அடிக்கு 8 அடிக் கூடாரத்துக்குச் சுவரும் கூரையுமாக 20 சதுர மீற்றருக்கு மேல் மேற்பரப்பு இருக்கும். ஒற்றைப் பிளாஸ்டிக் தாள் வெப்பத்தைப் பிடித்து வைக்காது. வெளியே மைனஸ் 15 பாகை இருக்கிற இரவில் உள்ளே 10 பாகை வைத்திருக்க வேண்டுமென்றால், என் கணக்குப்படி 3 கிலோவாட் அளவில் சூடு ஓயாமல் வேண்டும். கடையில் விற்கிற சாதாரண ஹீற்றர் 1,500 வாட். அதாவது இரவெல்லாம் எரித்தாலும் பாதி வேலைதான் செய்யும். அது தினம் 12 மணித்தியாலம் எரிந்தால் 18 அலகு, மாதம் 540 அலகு. நம் வீட்டு மின்பட்டியலோடு வைத்துப் பாருங்கள். இவ்வளவு செலவழித்துச் சூடாக்கினாலும் வெளிச்சம் இல்லையே! சூடு இருந்து வெளிச்சம் இல்லாவிட்டால் செடி வெளிறி, நூல் போல நீண்டு, சரிந்து விழும். தக்காளியும் கத்தரியும் அந்த நிலையில் ஒரு பூவைக்கூட நிறுத்தாது.

கூடாரமும் அவசரத்துக்கு வேண்டாம். மெல்லிய குழாயில் தாள் போர்த்து விற்கிற மலிவுக் கூடாரங்கள் காற்றுக்கு நிற்பதில்லை. மகள் வீட்டில் முன்பு வாங்கியிருந்த ஒன்றை முதல் நவம்பர்க் காற்று வேலிக்கு மேலால் அடுத்த வளவில் கொண்டுபோய்ப் போட்டது. அதற்குப் பிறகு விழுகிற பனியின் பாரம் வேறு.

அப்படியானால் என்ன செய்வது? நிலத்தோடு ஒட்டிய, தாழ்வான, இரண்டு உறை.

கோல்மன் செய்ததும் இதுதான். சூடாக்காத கூடாரத்துக்குள் பாத்திக்கு மேல் ஒரு அடி உயரத்தில் இன்னொரு மெல்லிய துணி. ஒவ்வொரு உறையும் தோட்டத்தை 500 மைல் தெற்கே நகர்த்தி வைப்பதற்குச் சமம் என்பது அவருடைய கணக்கு. பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே எழும்பும்போது உறை அதைப் பிடித்து வைக்கிறது. சூடு வருவது மண்ணிலிருந்து என்பதால் உறை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. ஆளுயரக் கூடாரம் மனிதன் நிற்பதற்கு வசதி, கீரைக்கு ஒரு பலனும் இல்லை.

பின்வளவில் இதைச் செய்ய அதிக செலவில்லை. 4 அடி அகலப் பாத்தியின் குறுக்கே தடித்த கம்பியையோ அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயையோ வில்லாக வளைத்து, மூன்று அடிக்கு ஒன்று குத்துங்கள். முதலில் நெய்யாத வெள்ளைத் துணி. அங்கே தோட்டக் கடையில் ரோ கவர் என்று கேட்டால் தருவார்கள். காற்றும் தண்ணீரும் கொஞ்சம் ஊடுருவும், வெளிச்சத்தில் பெரும்பகுதியை விடும். நவம்பர் நடுவில், மண் இறுகுவதற்கு முன், அதற்கு மேல் தடித்த ஒளிபுகும் பொலித்தீன். இரண்டு ஓரத்தையும் மண் மூட்டை வைத்து அமத்த வேண்டும். நம் நாற்றுமேடைக்கு மழைக்குப் போடுகிற பொலித்தீன் வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம், இங்கே ஓரத்தில் காற்று போக விடுவோம், அங்கே விடக்கூடாது. பழைய ஜன்னல் கண்ணாடி கிடைத்தால் மரப்பலகையில் பெட்டி அடித்து, பின்பக்கம் ஒன்றரை அடியும் முன்பக்கம் ஒரு அடியுமாகத் தெற்கே சரித்து மூடிவைக்கலாம். அதுவும் நல்லதுதான்.

இடத்தைத் தெரிவு செய்வதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். அம்மா போய் இறங்குகிற ஒக்டோபரில் வளவு முழுக்க வெயில் படும். எங்கே போட்டாலும் சரி என்று தோன்றும். டிசம்பரில் சூரியன் 23 பாகைக்கு இறங்கும்போது, 6 அடி உயரத் தெற்கு வேலி நண்பகலிலேயே 14 அடி தூரத்துக்கு நிழல் போடும். அந்த நிழலுக்குள் பாத்தி போட்டால் டிசம்பரில் வெயில் கிடைக்காது. பின்வளவு வடக்குப் பக்கமாக இருந்தால் வீடே மறைத்துவிடும். அப்படியானால் முன்பக்கத்தில், தெற்குச் சுவரோடு ஒட்டி ஒரு பாத்தி போடுவது நல்லது. செங்கல் சுவர் பகலில் சூடு வாங்கி இரவில் கொஞ்சம் திருப்பித் தரும். முன்வளவில் மரக்கறியா என்று அக்கா தயங்கக்கூடும். தயங்க வேண்டாம், அங்கே பலர் செய்கிறார்கள்.

சரி, எது நிற்கும்?

முதலாவது ஸ்பினாச். நாம் ஸ்பினாச் என்று சொல்லி வாங்குகிற கொடிப்பசளி இல்லை. அது முதல் உறைபனியிலேயே கறுத்துப் போகும். இது நிலத்தோடு வட்டமாக விரியும் வேறு செடி. உறைக்குள் மைனஸ் 10, சில வேளை அதற்குக் கீழும் தாங்கும். அடுத்தது கேல், கோவாக் குடும்பத்து இலை. வறை செய்தால் நம் முருங்கையிலை வறைக்குப் பக்கத்தில் வரும், தேங்காய்ப்பூ கொஞ்சம் கூடப் போட வேண்டும். மாஷ் என்று ஒரு சிறு சலாது இருக்கிறது, அதன் உறுதி ஆச்சரியமானது. லீக்ஸ் நிற்கும். சாதாரண சலாது இளம் இலையாக இருந்தால் கொஞ்சக் காலம் நிற்கும், முற்றினால் நிற்காது. மண்ணுக்குள் கறட். இவ்வளவும்தான் பனிக்காலப் பாத்தி. கத்தரி, வெண்டி, மிளகாய், தக்காளி, பயிற்றை, பாகல், புடோல் எல்லாம் வெயில் பிள்ளைகள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்தச் செடிகள் எப்படித் தாங்குகின்றன என்பதை ஒரு காலையில் கண்ணால் பார்த்தேன். ஜனவரி, எட்டரை மணி, வெளியே மைனஸ் 14. பொலித்தீன் தகரம் மாதிரி விறைத்திருந்தது. உள்பக்கம் முழுக்க பனிப் பூ. ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் ஸ்பினாச் இலையெல்லாம் கண்ணாடி போல, கரும்பச்சையாக, மண்ணோடு படுத்துக் கிடந்தது. ஒரு இலையைத் தொட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. எல்லாம் போய்விட்டது என்று மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். பதினொன்றரைக்கு வெயில் பட்டதும் மறுபடி போய்ப் பார்த்தால், நான் தொட்டு உடைத்த அந்த ஒரு இலையைத் தவிர மற்றதெல்லாம் எழும்பி நிற்கிறது!

குளிர் மெல்ல மெல்லக் கூடும்போது செடி தன் உயிரணுக்களுக்குள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கிறது. உப்புத்தண்ணீர் போலச் சர்க்கரைத் தண்ணீரும் சீக்கிரம் உறையாது. தண்ணீரின் ஒரு பகுதி உயிரணுக்களுக்கு வெளியே, இடைவெளிக்குள் போய் அங்கே உறைகிறது. அதனால் உயிரணு கிழிவதில்லை. வெயில் ஏறினதும் தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. இதனால்தான் ஒரு கட்டாய விதி: விறைத்திருக்கும்போது இலையைத் தொடவும் கூடாது, பறிக்கவும் கூடாது. நண்பகலுக்குப் பிறகு, இலை நிமிர்ந்த பின் பறியுங்கள். அந்தச் சர்க்கரையின் பலன் நாக்கில் தெரியும். ஜனவரி ஸ்பினாச்சும் பனிக்குள் கிடந்து எடுத்த கறட்டும் கோடையில் விளைந்ததைவிட இனிப்பு. கறட்டை அங்கேயே மண்ணில் விட்டு, மேலே ஒரு அடி தடிப்புக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ போட்டு, படங்கால் மூடிவிட்டால் மண் உறையாது. வேண்டும்போது பனியை விலக்கி, இலையைக் கிளறி, கையால் இழுத்து எடுக்கலாம். எலி அந்த மெத்தைக்குள் குடியிருக்க வரும் என்பதையும் சொல்ல வேண்டும். ஓரத்தில் நுண்ணிய கம்பிவலை பதித்தால் தப்பலாம்.

குளிரைவிட நான் இழந்தது சூட்டால். இது உங்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். மார்ச் நடுவில் ஒரு நாள், வெளியே 4 பாகை, நல்ல வெயில். காலையில் கோயிலுக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பினேன். பொலித்தீனைத் திறக்காமல் போயிருந்தேன். உள்ளே வைத்த வெப்பமானி 41 காட்டியது. பனிக்காலம் முழுக்க மைனஸ் 18 வரை தாங்கி நின்ற ஸ்பினாச் ஒரே நண்பகலில் அவிந்து கிடந்தது. அதனால் அம்மாவுக்கு ஒரு சிறு வெப்பமானி கட்டாயம் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். உள்ளே 20 பாகையைத் தாண்டினால் இரண்டு முனையையும் திறக்க வேண்டும், மாலை மூன்று மணிக்கு மூட வேண்டும். பெப்ரவரி கடைசியிலிருந்து இது தினசரி வேலை.

இன்னொன்று தண்ணீர். எழுவான்கரை மணலில் காலையும் மாலையும் துரவிலிருந்து அள்ளி இறைத்துப் பழகிய கை அங்கே சும்மா நிற்காது. ஸ்காபரோவில் அநேக இடங்களில் களிமண். டிசம்பர், ஜனவரியில் உறைக்குள் ஒரு துளியும் ஊற்றத் தேவையில்லை. செடி குடிப்பதில்லை, மண் காய்வதில்லை. ஊற்றினால் சாம்பல் பூஞ்சணம் பிடித்து இலை அழுகும்.

இனித் திகதிகள். பனிக்காலத்தில் இழுத்து எடுக்கிற கறட்டை ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் முதல் வாரத்துக்குள் விதைக்க வேண்டும். கேல் நாற்று ஜூலையில் நிலத்தில் இருக்க வேண்டும். சலாது ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து. ஸ்பினாச் ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை. மாஷ் செப்டெம்பர். செப்டெம்பருக்குப் பிறகு ஒரு கிழமை தாமதம் என்பது அறுவடையில் ஒரு கிழமைத் தாமதமாக இருக்காது. மாதக் கணக்கில் தள்ளிப் போகும், ஏனென்றால் வெளிச்சம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிறது. கோடையில் பாத்தி முழுக்கக் கத்தரியும் தக்காளியும் நிற்கும்போது கறட்டுக்கு இடம் விடுவது மனதுக்குக் கஷ்டம். ஆனாலும் அடுத்த வருடம் அக்கா அதைச் செய்யத்தான் வேண்டும்.

அம்மா ஒக்டோபரில் இறங்குகிறார் என்றால் இந்தத் திகதிகளெல்லாம் கடந்துவிட்டன. இந்தப் பனிக்காலத்தில் வெளிப் பாத்தியிலிருந்து பெரிதாக எதுவும் சாப்பிட முடியாது என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்காகக் கை கட்டி இருக்கவும் வேண்டாம். இரண்டு வேலை இருக்கிறது.

முதலாவது, அம்மா போய் இறங்குகிற கிழமையே ஸ்பினாச் விதைப்பது. ஒக்டோபர் முதல் வாரத்தில் மண்ணில் இன்னும் சூடு இருக்கும், முளைக்கும். மூன்று நான்கு இலையோடு பனிக்குள் போகும். இரண்டு உறைக்குள் தூங்கி, பெப்ரவரியில் பகல் 10 மணித்தியாலத்தைத் தாண்டியதும் எழும்பி, மார்ச் கடைசியில் பறிக்கத் தரும். அம்மா திரும்புவதற்குள் வறை செய்து பார்த்துவிடலாம்.

இரண்டாவது உள்ளி. இதை நான் மனதார விரும்பிச் சொல்கிறேன், ஏனென்றால் மட்டக்களப்பில் நாம் செய்ய முடியாத பயிர் இது. உள்ளிப் பல்லுக்கு வாரக்கணக்கில் குளிர் பட்டால்தான் அது பல பல்லாகப் பிரியும். நம் சூட்டில் நட்டால் தாள் வரும், பூண்டு கட்டாது. குளிரை எதிரியாகப் பார்க்காமல் கூலியாளாகப் பார்க்கிற பயிர் அது. ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரத்துக்குள் நட வேண்டும். கடையில் சமையலுக்கு விற்கிறதை நட வேண்டாம். தோட்டக் கடையிலோ உழவர் சந்தையிலோ, நடுத்தண்டு தடித்த அந்த நாட்டு வகையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய பல்லாகத் தெரிந்து, தோலை உரிக்காமல், கூர் மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில். பிறகு மேலே அரை அடி இலைச் சருகு.

சருகுக்கு எங்கேயும் போக வேண்டாம். ஒக்டோபர் கடைசியில் மேப்பிள் மரங்கள் எல்லாம் ஒரே மூச்சாகக் கொட்டும். வீட்டுக்காரர்கள் கூட்டி, பெரிய பழுப்புக் கடதாசிப் பைகளில் கட்டி, வீதியோரம் வைப்பார்கள். கோடிக்கணக்கில் எரு வீதியில் கிடப்பதைப் பார்த்து முதல் நாள் எனக்கு நடக்கவே மனம் வரவில்லை. அயலவரைக் கேட்டால் சந்தோசமாகத் தருவார்கள். மேப்பிள் இலை அகலம் என்பதால் அப்படியே போட்டால் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் போலாகிவிடும். புல்வெட்டும் இயந்திரத்தை ஒரு முறை மேலால் ஓட்டி நறுக்கிப் போட வேண்டும். மார்ச் கடைசி, ஏப்ரலில் உள்ளித் தாள் சருகைத் துளைத்துக்கொண்டு வரும். ஜூனில் பூந்தண்டு சுருண்டு வரும், அதை ஒடித்துக் கறி வைக்கலாம். ஜூலையில் கிண்டலாம். அம்மா நட்டதை அக்கா கிண்டுவார்.

வீட்டுக்குள் செய்யக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயறு முளை மூன்று நாளில் வரும், ஒரு போத்தலும் துணியும் போதும், நாளுக்கு இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். வெந்தயத்தை ஒரு தட்டில் நெருக்கமாகத் தூவினால் இரண்டு கிழமையில் இளம் கீரையாக வெட்டலாம். ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதாது. ஒரு எல்இடி குழல்விளக்கைச் செடிக்கு ஒரு அடிக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரிய விடுங்கள். ஹீற்றர் குடிப்பதில் ஒரு சிறு பங்கு மின்சாரம்தான் இதற்கு. சாடியில் நிற்கிற மிளகாய்ச் செடியை வெட்டி எறிந்துவிடாதீர்கள். மிளகாய் பல வருடம் நிற்கும் செடி. உறைபனிக்கு முன், செப்டெம்பரில், கவாத்துப் பண்ணி உள்ளே எடுத்தால் அடுத்த வருடம் ஒரு மாதம் முந்திக் காய்க்கும். கறிவேப்பிலைச் சாடியும் அப்படித்தான். இரவில் 10 பாகைக்கு இறங்கத் தொடங்கியதும் உள்ளே வர வேண்டும். இலை கொட்டினால் பயப்பட வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள், வசந்தத்தில் துளிர்க்கும்.

வைத்துச் சாப்பிடுவதும் வருடம் முழுக்கச் சாப்பிடுவதில் ஒரு பங்கு. பூசணியை 10 முதல் 15 பாகையில், ஈரமில்லாத இடத்தில் காம்போடு வைத்தால் பல மாதம் இருக்கும். அங்கே அநேக வீடுகளின் நிலக்கீழ் அறை இதற்குத் தோதானது. கறட், பீற்றூட்டுக்கு நேர்மாறு: உறையாத குளிரும் நல்ல ஈரமும் வேண்டும், ஈர மணலில் புதைத்து வைக்கலாம். இரண்டையும் ஒரே மூலையில் போட்டால் ஒன்று கெடும்.

வீடியோக்களில் பனிக்கு நடுவில் தக்காளி பறிக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். பொய் சொல்லவில்லை, இடம் வேறு. சீனாவின் ஷான்டொங் மாகாணத்தில் ஷோகுவாங் என்ற பகுதியில் 1989 முதல் நிலக்கரி எரிக்காமலே பனிக்காலத்தில் வெள்ளரி விளைவிக்கிறார்கள். வடக்குப் பக்கம் தடித்த மண்சுவர், தெற்கே சரிவாகப் பிளாஸ்டிக். மாலையில் கூரைக்கு மேல் வைக்கோல் பாயை உருட்டி விடுவார்கள், காலையில் சுருட்டி ஏற்றுவார்கள். நாம் கிடுகால் நாற்றை வெயிலிலிருந்து மறைக்கிறோம். அவர்கள் அதே மாதிரி ஒரு பாயால் பகல் வெயிலை இரவுக்குள் பூட்டி வைக்கிறார்கள். அது 37 பாகை, பனிக்காலத்தில் வானம் தெளிவு. லடாக்கில் லே நகரைச் சுற்றியும் மூன்று பக்கம் மண்கல் சுவர் வைத்து இதே முறையில் மைனஸ் 20 குளிரில் கீரை எடுக்கிறார்கள். அங்கும் கடும் குளிர், ஆனால் நல்ல வெயில். ரொறன்ரோவில் நவம்பர், டிசம்பரில் பெரும்பாலான நாள் வானம் மூடியே கிடக்கும். அந்தச் சுவரைக் கட்டினாலும் அதற்குள் போட்டு வைக்கப் போதிய வெயில் இல்லை. ஐஸ்லாந்தில் 1924 முதல் பூமிக்கடியில் கொதிக்கிற வெந்நீரைக் குழாயில் கொண்டுவந்து கண்ணாடி வீடுகளைச் சூடாக்குகிறார்கள், வெளிச்சத்துக்கு விளக்குப் போடுகிறார்கள். இயற்கை அவர்களுக்குக் கொடுத்தது அது. அக்காவின் வளவில் வெந்நீர் ஊற்று இல்லை.

கடைசியாக நம் மரக்கறிகள். பனிக்காலத்தில் முடியாது என்று மேலே சொன்னேன். கோடையில் ரொறன்ரோ நம்மைவிட வசதியான இடம் என்பதையும் சொல்ல வேண்டும். ஜூனில் பகல் 15 மணித்தியாலத்துக்கு மேல். மட்டக்களப்பில் எந்த மாதமும் பன்னிரண்டரையைப் பெரிதாகத் தாண்டாது. அந்த நீண்ட பகலில் புடோலும் பாகலும் வேலி ஏறுகிற வேகத்தை அம்மா இந்த முறை பார்க்க முடியாது, அதுதான் எனக்குக் கவலை. ஆனால் நாற்றுப் போட்டுக் கொடுத்துவிட்டு வரலாம். கத்தரியும் மிளகாயும் மார்ச் முதல் வாரத்தில், வீட்டுக்குள், விளக்குக்குக் கீழே. தக்காளி மார்ச் கடைசியில். வெண்டி, பாகல், புடோல் ஆகியவற்றுக்கு ஏப்ரல் கடைசிதான். அம்மா அப்போது ஊரில் இருப்பார். விதையைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி வைத்துவிட்டு வரட்டும்.

நாற்று வெளியே போகிற நாளில்தான் அக்கா அவசரப்படுவார். ஏப்ரலில் இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்கும், கோட்டுக் கழற்றி விட்டுப் பிள்ளைகள் விளையாடும், நாற்றும் ஜன்னலில் சாய்ந்துகொண்டு நிற்கும். அப்போதும் இல்லை. அங்கே தோட்டக்காரர்கள் மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வருகிற விக்டோரியா தின விடுமுறையைக் கணக்கு வைத்துத்தான் மென்மையான நாற்றுகளை நடுவார்கள். கத்தரிக்கும் வெண்டிக்கும் அதற்குப் பிறகும் ஒரு கிழமை பொறுப்பது நல்லது. அதற்கு முந்திய பத்து நாளும் பகலில் வெளியே நிழலில் வைத்து, மாலையில் உள்ளே எடுத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். மே மாதக் கடைசி வாரத்தை அம்மா தன் கையாலேயே அக்காவின் கலண்டரில் வட்டம் போட்டுவிட்டு வரட்டும்.